ஓடுகிற கணினிக்கும் அப்டேட் வேண்டும்

"நன்றாக ஓடுகிற கணினிக்கு அப்டேட் எதற்கு? இருப்பதும் கெட்டுப்போகும்" என்ற வாதத்தை ஏற்க முடியாது. 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் 'வான்னாக்ரை' என்ற தீநிரல் பரவியபோது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அதைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள்.

வேலை நடுவே ரீஸ்டார்ட் ஆகிறது என்ற குறை நியாயமானதுதான். செட்டிங்ஸில், விண்டோஸ் அப்டேட் பகுதியில், நாம் வேலை செய்யும் நேரத்தைக் குறித்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். பாதுகாப்பு மட்டுமல்ல, புது வசதிகளும் அப்டேட்டில்தான் வருகின்றன: விண்டோஸ் விசையோடு 'வி'யை அழுத்தினால், அண்மையில் காப்பி செய்தவை வரிசையாக வந்து நிற்கும் வசதியும் 2018இல் ஓர் அப்டேட்டில் வந்ததே.

முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொண்டு, நிலுவையில் உள்ள அப்டேட்டை இன்றிரவே போட்டுவிடுங்கள்.