ஒரே அச்சில் எத்தனை நாள்?

வீடியோ விளையாட்டு முதலாளிகள் ஒப்பாரி வைக்கிறார்கள். சரக்கு விற்கவில்லையாம். ஜனங்களுக்கு அலுத்துவிட்டதாம். செலவு எகிறிவிட்டதாம். ஆகவே ஆட்குறைப்பைத் தவிர வேறு வழியே இல்லையாம்! 2023, 2024 ஆகிய இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் இந்தத் தொழிலில் 20 ஆயிரம் பேருக்கு மேல் வீதிக்கு அனுப்பப்பட்டார்கள். அலுத்துப்போன சரக்கையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னது யார்? இந்தக் கேள்வியை மட்டும் முதலாளிமார் பத்திரிகைகள் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளிக்கும், முந்திரிக் கொல்லையில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் இதில் என்ன அக்கறை என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் போனுக்குள் இந்த முதலாளிகள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் சிலர் அவர்களிடம் வேலைக்கும் போகிறார்கள். அக்கறை இல்லாமல் எப்படி?

விருத்தாசலத்தாருக்கு அச்சு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளாஸ்டர் அச்சில் மண் குழம்பை ஊற்றி, ஓரம் இறுகியதும் மிச்சத்தை வடித்துவிட்டுப் பொம்மையை எடுக்கிறோம். அதே அச்சில் வார்த்துக்கொண்டே போனால் மூக்கு மழுங்கும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும். கொலுவுக்கு வாங்க வந்தவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். புது அச்சு செதுக்க நாள் பிடிக்கும். கை தேர்ந்தவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். விற்குமா என்ற துணிவும் வேண்டும். பீங்கான் ஃபியூஸ் கேரியரை மட்டும் நம்பியிருந்த பட்டறைக்கு, வீடுகளில் எம்.சி.பி. சுவிட்ச் ஏறியதும் என்ன கதி வரும் என்பதை நம் செராமிக் பேட்டையில் யாரும் சொல்வார்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் முந்திரியை வேரோடு சாய்த்தபோது, முந்திரியைத் தவிர வேறொன்றும் இல்லாதவன்தான் முதலில் ஊரைவிட்டுப் போனான்.

இதே பாடத்தை அமெரிக்க முதலாளி ஒருமுறை படித்தவன்தான். 1982இல் அடாரி கம்பெனி, ஒரு சினிமாவின் பெயரை விலைக்கு வாங்கி, கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஒரே ஒரு மனிதனை ஐந்தே வாரத்தில் 'ஈ.டி.' விளையாட்டைச் செய்து முடிக்கச் சொன்னது. கடைகளில் அரைவேக்காட்டுச் சரக்கு குவிந்தது. விற்காததை 1983இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். 2014இல் தோண்டி எடுத்தும் காட்டினார்கள். ஆண்டுக்கு சுமார் 320 கோடி டாலராக இருந்த வியாபாரம் 1985இல் 10 கோடியாகச் சுருங்கியது.

இன்று? 2023 அக்டோபரில் மைக்ரோசாப்ட் சுமார் 6,900 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் கம்பெனியை விழுங்கியது. ஆண்டுதோறும் ஒரே துப்பாக்கிச் சண்டையைப் புது உறையில் போட்டு விற்கும் கம்பெனி அது. மூன்று மாதம் கழித்து 1,900 பேருக்கு வேலை போயிற்று. 2024 மே மாதத்தில் ஜப்பானில் டாங்கோ என்ற பட்டறைக்கு மூடுவிழா அறிவித்தார்கள். அந்தப் பட்டறை செய்த குற்றம் என்ன? தாளத்துக்கேற்பச் சண்டையிடும் புது மாதிரி விளையாட்டு ஒன்றைச் செய்து பரிசும் பெற்றதுதான்! சோனியோ ஊரெல்லாம் விற்கும் மாதிரியைப் பார்த்து 'கான்கார்ட்' என்று ஒன்றை 2024 ஆகஸ்டில் இறக்கியது. இரண்டு வாரத்தில் கடையை மூடியது. தண்டனை அதைச் செய்தவர்களுக்கு.

2025 செப்டம்பரில் சவுதி அரசின் முதலீட்டு நிதியும் கூட்டாளிகளும் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியை 5,500 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அதில் 2,000 கோடி கடன். வட்டி கட்ட வேண்டியவன் புது அச்சு செதுக்குவானா? போன வருஷத்துக் கால்பந்தையே மறுபடியும் விற்பான்.

நம் நாட்டு முதலாளி இவர்களையும் மிஞ்சினார். நம்மிடம் படம் வரையவும் கணினி நிரல் எழுதவும் ஆயிரமாயிரம் இளைஞர்கள் இருக்க, அவர் பணத்தைக் கொட்டியது எதில்? ரம்மியில்! சீட்டுக்கட்டைப் போனுக்குள் வைத்துவிட்டு அதற்குத் தொழில் என்று பெயர் சூட்டினார். தமிழ்நாட்டில் கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் வீடுகளை நாம் மறக்கவில்லை. சட்டசபை நிறைவேற்றிய தடை மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பியனுப்பினார். மீண்டும் நிறைவேற்றியபின் ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மிக்கு விலக்கும் கொடுத்தது! கடைசியில் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டம் போட்டதும், நாட்டின் விளையாட்டுத் தொழில் வருமானத்தில் பெரும்பகுதி ஒரே வாரத்தில் அற்றுப்போயிற்று. எம்.பி.எல். கம்பெனி இந்தியாவில் சுமார் 60 சதவீதம் பேரைக் கழித்தது. தடை சரியே. ஆனால் சூதாட்டம் ஒன்றையே பயிரிட்ட முதலாளிக்குப் பதிலாக ஊழியன் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

புது வகைக்கா பஞ்சம், 'ஸ்டீம்' என்ற ஒரே கடையில் 2024இல் 18 ஆயிரம் புது விளையாட்டுகள் வந்தனவே என்று சில புத்திசாலிகள் சொல்கிறார்கள். வந்தன. கடைக்காரர் விலையில் பொதுவாக 30 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார். மிச்சத்தில் பிழைத்தவர் எத்தனை பேர்? கமிஷன் மண்டிக்கு மூட்டை தூக்கியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

புது வகை எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். 2023இல் கனடாவில் ஒரு சிறு குழு 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் டொரண்டோவுக்குக் குடியேறிய தமிழ்த் தாய், கிழிந்துபோன சமையல் ஏட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்வதுதான் கதை. துப்பாக்கி இல்லை, பந்தயம் இல்லை. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதில் முதல் படைப்புக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. நம் அடுப்படியில் இருந்த சரக்கு! கோடிகளைக் குவித்தவன் கண்ணுக்கு அது தெரியவில்லை.

ஆகவே வகை இல்லாமல் இத்தொழில் பிழைக்குமா என்று கேட்டால், லாபம் சில காலம் பிழைக்கும், தொழிலாளி பிழைக்கமாட்டான் என்போம். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவன் புதிதாக எதைச் செதுக்குவான்? 2025 பிப்ரவரியில் பிரான்சின் டெக்னிகலர் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் சுமார் 3,000 பேர் நடுத்தெருவில் நின்றார்கள். அமெரிக்காவிலோ மைக்ரோசாப்டின் ஒரு கிளையில் 300 பேர் 2023 ஜனவரியில் சங்கம் அமைத்து, 2025இல் ஒப்பந்தமும் கண்டார்கள். குரல் கொடுக்கும் நடிகர்கள் ஏறத்தாழ ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இங்கே கணினி முன் உட்கார்ந்தவன் தன்னைத் தொழிலாளி என்று சொல்லவே இன்னும் கூச்சப்படுகிறான். கூச்சம் போதும்.

மத்திய சர்க்கார் இத்தொழிலுக்காக மும்பையில் சுமார் 400 கோடி ரூபாயில் ஒரு கழகம் அமைக்கிறது. பொதுப்பணத்தின் பலனை அனுபவிக்கும் கம்பெனி, ஒரு விளையாட்டு முடிந்ததும் ஆளைக் கழற்றிவிடக் கூடாது, பி.எஃப்., கிராஜுவிட்டி தர வேண்டும். செய்தவர் பெயரைப் போட வேண்டும். விருத்தாசலத்தில் பொம்மைக்கு அச்சு செதுக்கும் கைக்கும் கணினியில் உருவம் செதுக்கும் கைக்கும் வேலை ஒன்றுதான். நம் ஊர் அரசு செராமிக் கல்லூரியில் இதற்கும் ஒரு வகுப்பைத் திறக்க மாநில அரசைக் கேட்கிறோம்.