மைலேஜ் குறைந்தால் என்ஜினை இறக்க வேண்டுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கத்தரிக் காய்ப்புழு, மீதி மானிய விண்ணப்பம். அவற்றை அடுத்த இதழில் பார்ப்போம். ஒரே ஒரு கடிதத்துக்கு மட்டும் இந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். சுரண்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தது அது. சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, மூன்று வருஷத்துக்கு முன் பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினேன். 2014 மாடல். பின் சீட்டை மடக்கிவிட்டு கத்தரி, வெண்டை மூடைகளைப் பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டு போகிறேன். அம்மாவை வாரம் இரண்டு தடவை தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் இதில்தான். வாங்கிய புதிதில் லிட்டருக்கு 16 கொடுத்தது. இப்போது 11 வருவதே கஷ்டம். ஒர்க்ஷாப்பில் போர் தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்கித்தான் ஆகணும், 38 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். வீட்டில் உள்ளவளின் சங்கிலியை அடகு வைத்துச் செய்யலாமா? இல்லை, வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா? பயிருக்கு வைத்தியம் சொல்கிறவர், இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்."

விவசாயப் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி 16 கொடுத்தால் மூன்று லிட்டரும் கொஞ்சமும் போதும். 11 என்றால் நாலரை லிட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் தினம் 140 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு, மாதம் மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். கத்தரி விலை கிலோ பத்து ரூபாய்க்கு இறங்கும் வாரங்களில் இது சின்னக் காசு இல்லை.

எனக்கு மெக்கானிக் படிப்பு கிடையாது. ஆனால் இலை மஞ்சளாகிவிட்டது என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, எந்த இலை என்றுதான். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், குருத்து மஞ்சளானால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கினாலும் மஞ்சள்தான். எல்லாவற்றுக்கும் யூரியாவைக் கொட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மைலேஜ் குறைவதும் அப்படி ஓர் அறிகுறிதான். அந்த வாசகருக்கு போன் போட்டுப் பேசினேன். மூன்று வாரம் பேசினோம். அதில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில், 11 என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "300 ரூபாய்க்கு அடிப்பேன் சார். முள் சிவப்புக்கு வந்ததும் எத்தனை ஓடியிருக்குன்னு பாப்பேன்" என்றார். இது கணக்கே இல்லை. பெட்ரோல் முள் வண்டி நிற்கும் சாய்வுக்கு ஏற்றபடி ஆடும். சிவப்புக்கு வந்த பிறகும் டேங்கில் சில லிட்டர் இருக்கும். சரியான முறை ஒன்றுதான். டேங்கை நிரப்பி, துப்பாக்கி தானாக நிற்கும்போது விட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஆட்டி ஆட்டி ஊற்ற வேண்டாம். மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 250, 300 கிலோமீட்டராவது வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அதே பம்பில், அதே பக்கத்தில் நிறுத்தி, மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை ஏறிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இரண்டு தடவை இப்படிச் செய்து பார்க்காமல் யாரிடமும் காசு கொடுக்காதீர்கள்.

பம்பு மேல் சந்தேகம் இருந்தாலும் வழி உண்டு. ஒவ்வொரு பம்பிலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். கேட்டால் உங்கள் கண் முன்னால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்படுகிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, உரத்தை எடை போட்டு வாங்குகிறோம் அல்லவா.

நம்மவர் அளந்தார். 312 கிலோமீட்டருக்கு 25.2 லிட்டர் பிடித்தது. அதாவது 12.4. பதினொன்று இல்லை. ஆனாலும் பழைய பதினாறுக்கு இது ரொம்பக் குறைவுதான்.

அடுத்து, மூன்று வருஷத்தில் என்ன மாறியது என்று யோசித்தோம். பெட்ரோலே மாறியிருக்கிறது. 2022-ல் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலப்பை நாடு எட்டியது. 2025-ல் அது 20 சதவீதம் ஆகிவிட்டது. கரும்பிலிருந்தும், குருணை அரிசியிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும் வருகிற எத்தனால்தான். மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு அதனால் ஒரு புது வாங்குபவர் கிடைத்திருக்கிறார், அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் 10 சதவீதம் கூடினால் மைலேஜ் மூன்று, மூன்றரை சதவீதம் குறையும். 16 கொடுத்த வண்டி பதினைந்தரைக்கு வரும். 12.4-க்கு வராது. மைலேஜ் போனால் எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். எத்தனாலால் ஒன்றும் குறையவே குறையாது என்கிறவர்களும் பார்க்க வேண்டும்.

பிறகு சுமை. ஆரம்பத்தில் இரண்டு மூடை கொண்டு போனவர் இப்போது ஐந்து ஏற்றுகிறார். 50 கிலோ கூடினால் சின்ன காரில் மைலேஜ் ஒரு சதவீதம்போல் குறையும். அப்படிப் பார்த்தால் இதில் மூன்று சதவீதம் போகிறது.

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. அவர் கடிதம் எழுதியது ஆனி மாதம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வீசும் காலம். சுரண்டையைச் சுற்றி இத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. தென்காசிக்குப் போகும்போது அது எதிர்காற்று. "திரும்பி வரும்போது பின்னால தள்ளுமே சார், சரியாப் போயிருமே" என்றார். போகாது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 60-ல் போகிறீர்கள், எதிரே 20 வேகத்தில் காற்று என்றால், வண்டிக்கு அது 80-ல் போவதுபோல். 80-ஐ 80-ஆல் பெருக்கினால் 6,400. திரும்பும்போது 40, அதன் வர்க்கம் 1,600. இரண்டுக்கும் சராசரி 4,000. காற்றே இல்லாத நாளில் போக வர இரண்டும் 3,600. ஆக, போக வரக் கணக்குப் போட்டாலும் தடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஆடிக் காற்றில் அளந்த மைலேஜைத் தை மாத மைலேஜோடு ஒப்பிடக் கூடாது.

வேகமும் இதே கணக்குத்தான். தென்காசி - நெல்லைச் சாலை அகலமான பிறகு 60-ல் போனவர்கள் 90-ல் போகிறார்கள். காற்றுத் தடை இரண்டேகால் மடங்கு. பெட்ரோல் சிக்கனத்துக்காகவே உள்ள மத்திய அரசு அமைப்பான பி.சி.ஆர்.ஏ. பல வருஷமாகச் சொல்லி வருவது, 45-லிருந்து 55 வரை போனால் மிச்சம் என்று. அதைவிட மெதுவாகப் போகச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை, எனக்கும் தெரியும்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்தாலும் 12.4 என்பது இடித்தது. வண்டியில் ஏதோ இருக்கிறது. எங்கே என்று தேடுவதில் காசில்லாத சோதனைகளை முதலில் வைத்துக்கொண்டோம்.

டயர் காற்று சரியாகவே இருந்தது. (காற்றுக் குறைவால் மைலேஜ் போவது பலர் நினைப்பதைவிடக் குறைவு. நாலு டயரிலும் 10 பி.எஸ்.ஐ. குறைந்தாலும் இரண்டு சதவீதம்தான். ஆனால் டயர் ஓரம் தேய்ந்து, சூடேறி வெடிக்கும், அதற்காகவே பார்க்க வேண்டும்.) அடுத்து பிரேக். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன் என் வண்டிக்கு மைலேஜ் குறைந்து, ஓர் இடத்தில் இன்ஜெக்டர் கழுவினேன், இன்னோர் இடத்தில் பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் பஞ்சர் ஒட்டப் போனபோது கடைப் பையன், "சார், இந்த வீல் மட்டும் ஏன் இப்படிக் கொதிக்குது?" என்றான். ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, விட்டாலும் முழுசாக விடாமல் பிடித்தபடியே இருந்திருக்கிறது. ஆறு மாதம் பிரேக்கை அமுக்கிக்கொண்டே ஊர் ஊராக ஆய்வுக்குப் போயிருக்கிறேன்.

சோதனை சுலபம். பத்துக் கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். மெதுவாக நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். மூன்று இதமாக இருந்து ஒன்று மட்டும் அனலடித்தால் விஷயம் அங்கே. சமதளத்தில் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒருவர் தள்ளிப் பாருங்கள். சின்ன கார் லேசாக உருள வேண்டும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றியும் பார்க்கலாம், ஆனால் மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு. வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

நம்மவருக்குப் பின்பக்கம் இடது சக்கரம் அனலடித்தது. டிரம்மைக் கழற்றினால் உள்ளே வயல் வரப்புச் சேறு காய்ந்து தூளாகக் கிடந்திருக்கிறது, வீல் சிலிண்டர் இறுகிப் போயிருக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் இறக்கி ஏற்றும் வண்டிக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சிலிண்டர் மாற்றி, சுத்தம் செய்து, 1,600 ரூபாய் ஆனது.

பிரேக்கில் ஒன்றும் இல்லை என்கிறவர்கள் அடுத்து டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓடிய பிறகும் முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது, அல்லது யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள். நம் பக்கம் இந்தப் பழக்கம் அதிகம். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்று பிடுங்கிவிடுவார்கள். என்ஜின் நல்ல சூட்டுக்கு வந்தால்தான் பெட்ரோல் ஒழுங்காக எரியும். சூடு ஏறாவிட்டால் கம்ப்யூட்டர் இன்னும் என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டி விட்டுக்கொண்டே இருக்கும். முள் இல்லாத வண்டிகளில் நீல விளக்கு வெகுநேரம் அணையாமல் இருப்பதே அடையாளம்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் இலையைப் பார்ப்பது மாதிரிதான். லேசான காவி நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, சென்சார், இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். எண்ணெய் பிசுக்காக இருந்தால்தான் போர் மேல் சந்தேகம்.

இனி அந்த 38 ஆயிரம். போர் தேய்ந்த என்ஜின் மைலேஜில் மட்டும் காட்டாது. ஆயில் குறையும், மாதம் ஒரு தடவை கம்பியை உருவிப் பார்த்தால் தெரியும். சைலன்சரில் நீலப் புகை வரும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கும். இது மூன்றும் இல்லாமல் போர் போய்விட்டது என்றால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. எண் குறைந்தால், கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அப்போது எண் ஏறினால் தேய்மானம் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வு பக்கம். நம்மவர் கேட்டபோது அந்த ஒர்க்ஷாப்பில் கேஜ் இல்லை என்றார்களாம். கேஜ் இல்லாமல் எப்படி முடிவு செய்தார்கள் என்று நான் கேட்டேன், அவரிடம் பதில் இல்லை. வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தார். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று சமமாக, நன்றாகவே இருந்தன.

பிரேக் வேலை முடிந்து மறுபடி டேங்க் நிரப்பி அளந்தார். 306 கிலோமீட்டருக்கு 21 லிட்டர். 14.6. பழைய 16-க்கும் இதற்கும் உள்ள இடைவெளியில் எத்தனாலுக்கு ஒரு பங்கு, கூடுதல் மூடைகளுக்கு ஒரு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு போட்டால் கணக்கு ஏறக்குறைய நேராகிறது. சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது.

எத்தனால் பேச்சு வந்ததால் ஒன்று. பவர் ஸ்பிரேயர் வைத்திருப்பவர்கள் மருந்தடிப்பு முடிந்ததும் மீதிப் பெட்ரோலை டேங்கிலேயே விட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அடுத்த பருவத்தில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

வாசகரைப் புரட்டாசி கடைசியில், காற்று ஓய்ந்த பிறகு, இன்னொரு தடவை அளந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். பதினைந்தைத் தாண்டவில்லை என்றால் அந்த டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்க வேண்டியிருக்கும்.