தலையணைக்கும் வயசு உண்டு

போன ஜூனில் தேங்காய்ப்பட்டணத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். இடவப்பாதி மழை தொடங்கி ஒரு வாரம். விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். தும்மல், மூக்கடைப்பு, மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். பகலில் திண்ணையில் இருந்தால் ஒன்றுமில்லை, படுத்தால்தான் தொல்லை. டாக்டர் மருந்து எழுதிவிட்டு, "தலையணை வாங்கி எத்தனை வருஷம்?" என்று கேட்டார்.

அது வாங்கியதல்ல. வீட்டு மரத்து இலவங்காய் வெடித்ததும் அப்பா பஞ்செடுத்து, விதை நீக்கி, வலை தைக்கும் நைலான் நூலால் தானே தைத்தது. அவர் போய்ப் பதினோரு வருஷம். மாற்றலாம் என்றதும், "அவியளுக்க தலையணையாக்கும் மக்களே, கெடக்கட்டு" என்றாள்.

நம் கடலோரத்தில் தலையணைக்கு எதிரி ஈரம்தான். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதோடு தலை வியர்வை, தேங்காய் எண்ணெய், உதிர்கிற தோல் எல்லாம் சேரும்போது கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருகும். இவை கடிக்காது. ஆனால் அவற்றின் கழிவு மூக்கில் ஏறினால் சிலருக்கு அலர்ஜி, இளைப்பு.

இலவம்பஞ்சு லேசானது, மெழுகுத்தன்மை உள்ளது, சீக்கிரம் நீர் ஏறாது. அந்தக் காலத்து உயிர்காப்பு உடைகளில் இதைத்தான் அடைத்தார்கள். அதனால் துவைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். முக்கித் துவைத்தால் கட்டி தட்டும், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உறையை வாரம் ஒருமுறை நல்ல சுடுநீரில், 60 டிகிரி வரை தாங்கும் துணியானால் அந்தச் சூட்டில், அலசுங்கள். தலையணையை வெயில் அடிக்கிற நாளில் இரண்டு பக்கமும் காயவைத்து, வீட்டுக்கு வெளியே தட்டி, பனி இறங்குமுன் எடுத்துவிடுங்கள். வெயில் ஈரத்தை எடுக்கும்; உள்ளே சேர்ந்த கழிவை எடுக்காது. பஞ்சு பொடியத் தொடங்கினால் மாற்றத்தான் வேண்டும்.

பாலியெஸ்டர் தலையணைகள் பெரும்பாலும் மெஷினில் போடலாம், லேபிளைப் பாருங்கள். ஒன்றாகப் போடாமல் இரண்டாகப் போட்டால் மெஷின் ஆடாது. மேலே காய்ந்தது போலிருக்கும். நடுவை அழுத்தி முகர்ந்து பாருங்கள். இரண்டாக மடித்துக் கையை எடுத்ததும் நிமிராவிட்டால் அதன் காலம் முடிந்தது. ஒன்றிரண்டு வருஷம்தான் கணக்கு. நம் மாவட்டம் ரப்பர் நாடு, லேடெக்ஸ் தலையணை வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். அதை மட்டும் வெயிலில் போடாதீர்கள், இறுகி உதிர்ந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

உயரமும் முக்கியம். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் தோள் விளிம்புக்கும் உள்ள இடைவெளி நிரம்ப வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வாக. இரண்டு தலையணை அடுக்கிப் படுத்துவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்று தைலம் தேடுகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தலையணையே வேண்டாம்.

அம்மாவின் தலையணையை ஒருநாள் மழை விட்ட நேரத்தில் தம்பி முற்றத்தில், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பிரித்தான். அம்மா தூரத்தில் திண்ணையில். பஞ்சு பழுப்புக் கட்டிகளாக, கையில் எடுத்தால் பொடியாக விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. துணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். சுடுநீரில் இரண்டுமுறை அலசி, மழைக்கு நடுவே மூன்று நாள் காயவைத்து, புதிதாக வாங்கிய பாலியெஸ்டர் தலையணையை அதற்குள் வைத்துத் தைத்தோம். ஒரு பக்கம் அப்பாவின் நைலான் தையலைப் பிரிக்கவில்லை.

மருந்தும் தொடர்கிறது. ஆகஸ்டில் போன் செய்தபோது, "நேத்து விடிய விடிய உறங்கினேன் மக்களே" என்றாள். அடுத்த மூச்சிலேயே, தம்பி படுக்கிற தலையணையும் பழசு, அதையும் பிரிக்கச் சொல் என்றாள்.