பழைய லாரிக்குப் புதிய இஞ்சின்

பழைய லாரியைப் புதுப்பிப்பவர்கள், "எந்த இஞ்சினில் குதிரைசக்தி அதிகம்?" என்றே முதலில் கேட்கிறார்கள். அது மட்டும் போதுமா?

இரண்டாவது உலகப் போரின்போது (1939–45) பெட்ரோலுக்குப் பெரும் பஞ்சம். அப்போது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கருவியைச் செய்து கொடுத்தது. கரிவாயுவில் வண்டியின் சக்தி குறையும். ஆனாலும் போக்குவரத்து நடந்தது. தேவை அறிந்து செய்த ஏற்பாடு அது!

இன்றும் அதுவே வழி. புதிய இஞ்சினின் இழுவையைப் பழைய கியர்ப்பெட்டி தாங்குமா? அடிச்சட்டம் தாங்குமா? பாரத்தோடு போகும்போது பிரேக் பிடிக்குமா? உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைக்குமா? இவற்றை மெக்கானிக்கிடம் கேட்டறிய வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.டி.ஓ. அனுமதியும் பெற வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் சாலை இது. லாரி ஓடினால் மட்டும் போதாது. நிறுத்தினால் நிற்கவும் வேண்டும்!