கோரைகளைப் பேதமறிந்து களைதல்

வயலில் மண்டியிருக்கும் களை யாது என்று விசாரித்தால், நமது குடியானவர்கள் ‘கோரை’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார்கள். கிராமக் கணக்கிலும் அதே வார்த்தைதான் ஏறுகிறது. இந்த ஒரு வார்த்தையினால் வருஷந்தோறும் வீணாகும் கூலியும் மருந்தும் கொஞ்சமல்ல என்பது எனது அபிப்பிராயம். நெல் என்று மாத்திரம் சொல்லி விதை வாங்க எவரும் போவதில்லை; குறுவைக்கா, தாளடிக்கா என்று கேட்டே வாங்குகிறோம். களைக்கு மட்டும் அந்த விசாரணை வேண்டாமென்பது என்ன நியாயம்?

கோரை, புல் அல்ல. தண்டை இரு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினால் புல்லின் தண்டு எளிதில் உருளும், கணுவும் தட்டுப்படும். கோரையின் தண்டு பெரும்பாலும் முப்பட்டையாய், கணுவின்றி, உள்ளே சோறு நிறைந்திருக்கும். புல்லின் இலைகள் இரண்டு வரிசையாகவும், கோரையின் இலைகள் மூன்று வரிசையாகவும் கிளம்பும். ஏரிகளில் வளரும் சம்பையும் சிலர் கோரையென்றே சொல்லுகிறார்கள். பழுப்பு நிற உருளைக் கதிருடைய அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

கோரைக்குள் பேதமறிய மண்வெட்டியைப் போன்ற கருவி வேறில்லை. செடியை இலையோடு பிடுங்காமல் ஒரு சாண் ஆழம் வெட்டி மண்ணோடு எடுத்து, நீரில் அலசிப் பார்க்கவேண்டும். கறுத்த கிழங்குகள் மணிமாலை போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, முகர்ந்தால் வாசனையும் மென்றால் கசப்பும் இருந்தால், அது கிழங்குக்கோரை. வைத்தியர்கள் முத்தக்காசு என்பதும் இதுவே. இதன் கதிர் செம்பழுப்பாயிருக்கும். உலகத்துக் களைகளில் மிகக் கொடியது இதுவே என்று 1977-ல் ஹோம் என்பவரும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்ட நூலில் முதலிடம் தந்தார்கள். 92 நாடுகளில், 52 பயிர்களில் இது தொல்லை தருவதாக அவர்கள் கணக்கு. இதற்கு நெருங்கிய உறவான மற்றொரு கோரையில் கதிர் மஞ்சளாகவும், கிழங்குகள் வேரோட்டத்தின் நுனியில் தனித்தனியாகவும், தின்ன இனிப்பாகவும் இருக்கும்.

அலசிய வேரில் கிழங்கே இல்லாமல் நார் வேர் மாத்திரம் இருந்தால், அது விதையினால் வரும் ஒரு பருவச் செடி. நடவு வயலில் காண்பது அநேகமாய் இவ்வகைதான். பூங்கொத்து பந்து பந்தாய் நெருங்கியிருந்தால் வட்டக்கோரை. மஞ்சள் நிறமாய்க் கலைந்து பரந்திருந்தால் ஊசிக்கோரை. வட்டக்கோரை 30, 40 நாட்களுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான விதைகளைச் சிந்திவிடும். ஆகையால் பூக்குமுன் கைக்களை எடுப்பது லாபம். பூத்தபின் எடுப்பது கூலிக்குக் கேடு.

இந்தப் பேதத்தை அறியாததனால் விளையும் நஷ்டத்தைப் பாருங்கள். நெல் வயலில் விதைக்கோரையை இளமையில் அடக்கிய 2,4-டி மருந்தை, அதே நம்பிக்கையோடு கிழங்குக்கோரைக்கும் தெளிக்கிறார்கள். இலை கருகும், கிழங்கு மறுபடி துளிர்க்கும். காற்றில் பறந்த மருந்து பக்கத்துப் பருத்தியைத் திருகிவிட, இரு பங்காளிகளுக்குள் வழக்கு உண்டாவதுதான் மிச்சம். சுழல் கலப்பையை ஈரத்தில் ஓட்டுவது அதைவிட மோசம். மாலை அறுந்து, அதுவரை உறங்கியிருந்த கிழங்குகளும் முளைக்கத் தொடங்கும். கோடையில் மண் காய்ந்திருக்கும்போது ஆழ உழுது, கிழங்குகளை வெயிலில் கிடத்தி உலர்த்தி, தென்பட்டவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதே சிக்கனமான வழி. ஒரே உழவில் தீராது. மழைக்கு முன் இரண்டொரு தடவை மறித்து உழவேண்டும். வண்டல் அடிப்பவர்கள், வண்டியில் ஏற்றுமுன் மண்ணைப் பிசைந்து கிழங்குண்டா என்று பார்ப்பது நலம்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கோரை எல்லாம் களையல்ல. காவிரிக் கரையில் பயிராக்கப்படுவதும், தாமிரபரணிப் பக்கத்துப் பத்தமடையில் பாய் நெய்யப்படுவதும் ஆளுயரம் நெடுத்து வளரும் பாய்க்கோரை; அதன் தண்டுதான் பொருள், இலை பெரும்பாலும் உறையளவே. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அப்படியிருக்க, நான் வேலை பார்த்த ஒரு வட்டத்தில், பட்டாதாரர் ஒருவர் வருஷம் இருமுறை அறுத்துவந்த பாய்க்கோரை நிலம் அடங்கலில் ‘கோரை மண்டிய தரிசு’ என்று எழுதப்பட்டிருந்தது. வெள்ளத்தில் அழிந்தபின் அவர் நிவாரணம் கேட்டபோது, பயிரே இல்லையென்று மனு தள்ளுபடியாயிற்று. அவர் அறுவடை விற்ற சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டியும் கணக்கே ஜெயித்தது. அடங்கலில் ‘பாய்க்கோரை, பயிர்’ என்று இரண்டு வார்த்தை எழுத எவ்வளவு மை செலவாகும்?

சந்தேகமுள்ளவர்கள் வெறும் இலையைக் கொண்டுவந்து காட்டுவதில் பிரயோஜனமில்லை. வேர், கிழங்கு, பூ மூன்றும் கூடிய முழுச் செடி இரண்டை ஈரச் சாக்கில் சுற்றி, எந்த வயல், என்ன பயிர், நீர் நிற்குமா நிற்காதா என்ற குறிப்போடு அருகிலுள்ள வேளாண்மை அலுவலகத்தில் கொடுக்கவும். மருந்து வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.