யார் வீட்டு வீரர்?

நான் கூமாப்பட்டியில் இருந்து எழுதுகிறேன். 2025ல் செல்போன் வீடியோவில் பார்த்துவிட்டு, 'ஓ... அந்த ஊரா!' என்று சிலர் சிரிப்பீர்கள். நன்றாகச் சிரித்துக் கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு விஷயம்.

நான் வாத்தியாராக இருந்தபோது, ஒரு நாள் வகுப்பில் இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டனர். 'வெள்ளைக்காரனை முதல்ல எதிர்த்தது எங்க ஆளுதான்டா!' என்றான் ஒருவன். 'இல்லடா, எங்க ஆளு!' என்றான் இன்னொருவன். 'எங்க ஆளு' என்றால் எங்கள் ஜாதி என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. பிரம்பை எடுக்கவில்லை, சாக்பீஸை எடுத்தேன்.

எங்கள் ஊரில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் போய், தென்காசி பஸ் பிடித்தால் சிவகிரி, அடுத்து வாசுதேவநல்லூர் வரும். அந்தப் பக்கம்தான் புலித்தேவரின் நெற்கட்டும்செவல். 1755ல் கர்னல் ஹெரான் படையோடு வந்து கப்பம் கேட்டார். புலித்தேவர் கொடுக்க மறுத்தார். ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார்!

இந்த இடத்தில் கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம். 1773ல் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் அல்லவா? அது யாருடைய தேயிலை தெரியுமா? நம்மிடம் வரி கேட்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு! அங்கே 13 குடியேற்றங்கள் ஒன்று சேர்ந்தன. பிரான்ஸ் உதவிக்கு வந்தது. 1781ல் யார்க்டவுனில் தளபதி காரன்வாலிஸ் சரணடைந்தார். 1783ல் விடுதலை. தோற்ற அதே காரன்வாலிஸ்தான், 1786ல் நமக்கு கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார்!

அவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்தது, நமக்கு ஏன் 1947 வரை ஆனது? வீரம் குறைவா? கிடையவே கிடையாது. புலித்தேவர் பக்கத்துப் பாளையங்களை ஒன்று சேர்க்கத்தான் பாடுபட்டார். மேற்குப் பாளையங்கள் பல சேர்ந்தன; சிவகிரி சேரவில்லை. எட்டயபுரம் சேரவில்லை. பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. பிறகு 1799ல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது யார்? புதுக்கோட்டை அரசர். கயத்தாறில் தூக்கு. ஒரு வீட்டில் தீப்பிடித்தபோது அடுத்த வீடு கதவைச் சாத்திக் கொண்ட கதைதான்.

புலித்தேவர் படையிலேயே ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி என்று வேறு வேறு சமூகத்து வீரர்கள் தோளோடு தோள் நின்றார்கள். இன்று அவர்கள் பெயரை ஆளுக்கு ஒன்றாகப் பிய்த்துக் கொள்கிறோம். கையில் கலர் கயிறு கட்டிக் கொண்டு பள்ளிக்கு வருகிறோம். இது எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் செய்தாலும் பிடிக்கவில்லை. 1801 ஜூனில் சின்ன மருது திருச்சி கோட்டையில் ஒட்டிய அறிக்கையைப் பாருங்கள். எல்லா ஜாதியாரையும், முஸ்லிம்களையும் சேர்த்துத்தான் அழைத்தார். அக்டோபரில் அவரையும் பெரிய மருதுவையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

அன்று கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, 'எதிர்த்தவர்கள்', 'உதவியவர்கள்' என்று இரு பக்கமாக எழுதச் சொன்னேன். சண்டை போட்ட இருவரும்தான் எழுதினார்கள். மளமளவென்று போனது. யூசுப்கான் பெயர் வந்ததும் சாக்பீஸ் நின்றுவிட்டது. மருதநாயகம் என்கிறோமே, அவர்தான். கம்பெனிப் படையோடு வந்து 1759ல் வாசுதேவநல்லூரில் முட்டித் திரும்பியவர்; 1761ல் நெற்கட்டும்செவலைப் பிடித்தவர். அப்புறம் அவரே கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்று, 1764ல் மதுரையில் தூக்கில் தொங்கினார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். பிறகு ஒருவன் என்னைப் பார்த்து, ''சார், இவரை எந்தப் பக்கம் எழுதுறது?'' என்றான்.

நீங்கள் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?