சிவப்பு மூடி டப்பா



கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பேருந்தில் போய்வரும் பலருக்கு யோங் பெங் என்றால் கழிவறை, ஒரு காப்பி, ஒரு கிண்ணம் மீன் உருண்டை, அவ்வளவுதான். ஓட்டுநர் ஹாரன் அடித்தால் வாயில் இருப்பதை விழுங்கிக்கொண்டு ஓடிவந்து ஏற வேண்டும். இருபது வருடமாக எனக்கும் அந்த ஊர் அதற்கு மேல் இல்லை. கூடிப்போனால் அங்குள்ள ஃபூச்சோவ் சீனர்கள் சுடும் கொம்பியாங் ரொட்டி ஒரு பை வாங்குவேன். சூடாகத் தின்றால் அமிர்தம்; வீடு வந்து சேர்வதற்குள் செருப்புத் தோல். போன மாதம்தான் முதல் முறையாக அங்கே இறங்கி, பேருந்தைப் போகவிட்டேன்.

காரணம் ஒரு கடிதம். கோடு போட்ட தாளில், கிராணிமாருக்கே உரிய சாய்ந்த கையெழுத்து. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நம் பழைய வாசகர். விஷயம் மூன்றே வரி. முறுக்கு நமத்துப் போகாமலிருக்க வருடா வருடம் தீபாவளி இதழில் குறிப்புப் போடுகிறீர்கள், சுருட்டு பூசணம் பிடிக்காமலிருக்க ஒரு தடவையாவது போட்டதுண்டா, சுருட்டும் தமிழன் பொருள்தானே என்று கேட்டிருந்தார்.

துணையாசிரியர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவர் சுளித்ததில் நியாயம் உண்டு. 2019 ஜனவரியிலிருந்து நம் நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை. 2024 அக்டோபர் 1 முதல் புகைப்பொருள்களுக்கென்றே தனிச் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. நானும் புகைப்பவன் இல்லை. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் தீங்கில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வாய்ப்புற்றுக்கு அந்தச் சமாதானமெல்லாம் தெரியாது. ஆகவே இது சுருட்டு பிடிக்கச் சொல்லும் பக்கம் அல்ல. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

தமிழன் பொருள்தான். ஆங்கிலக்காரன் 'செரூட்' என்று சொல்வதே நம் 'சுருட்டு' என்ற சொல்லை வாய்க்கு வந்தபடி உச்சரித்ததுதான். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையும் உறையூர்க் கைகளும் சேர்ந்து உருட்டிய திருச்சிச் சுருட்டு, லண்டன் வரை பேர் பெற்றிருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்துவிட்டு, கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இன்னொரு பெருமை. அங்கே சுருட்டுக் கொட்டில்களில் பத்துப் பேர் சுற்ற, ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். கியூபாவில் ஹவானா ஆலைகளிலும் 1865 முதல் இதே வழக்கம். படிப்பவருக்குத் தொழிலாளர்களே காசு சேர்த்துக் கொடுத்தார்கள். டூமாவின் நாவல் ஒன்று அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், 'மான்டே கிறிஸ்டோ' என்ற பெயர் ஒரு சுருட்டுக்கே வந்தது. பத்திரிகை நடத்துகிறவன் இதைக் கேட்டு உருகாமல் என்ன செய்வான்?

கடிதம் எழுதிய பெரியவரைத் தேடி யோங் பெங்கில் இறங்கிப் போய்ச் சேர்ந்தது பத்து பஹாட் மாவட்டத்து வழக்கமான ஒரு தரை வீடு. முற்றத்தில் ரம்புத்தான் மரம், அடியில் இரண்டு நாற்காலி. பெரியவர் ஞாயிறு மாலை மட்டும் ஒன்று பிடிப்பாராம். கப்பலில் வேலை பார்க்கும் மகன் ஊர் வரும்போதெல்லாம் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுக்கிறான். ஒரு கட்டில் இருபத்தைந்து. வாரத்துக்கு ஒன்றென்றால் ஆறு மாதம் காப்பாற்ற வேண்டும். சிக்கலே அங்கேதான். அவருடைய பாட்டி லயத்து வீட்டில் இருந்தபோது சுருட்டை வெற்றிலைப் பையிலேயே செருகி வைத்திருந்தாராம். பெட்டியும் இல்லை, பூசணமும் இல்லை. பூசணம் பிடிக்க அந்தப் பாட்டி அவகாசமே கொடுத்ததில்லை என்பதுதான் இரகசியம்.

பேரன் படித்தவர் அல்லவா, மகன் கொண்டுவந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தார். சுருட்டுப் பிரியர்கள் இதற்கென்றே 'ஹியூமிடோர்' என்று ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார்கள். விலை நூற்றுக்கணக்கான வெள்ளி. அது இல்லாதவர்கள் சாப்பாட்டு டப்பாவையே பெட்டியாக்கி, டப்பர்வேரையும் ஹியூமிடோரையும் முடிச்சுப் போட்டு 'டப்பர்டோர்' என்று அதற்குச் செல்லப் பெயரும் வைத்திருக்கிறார்கள். நம்மவருக்கு டப்பர்வேர் கிடைக்கவில்லை. அவர் மனைவி, அதாவது அந்த வீட்டு அம்மா, மாதத் தவணையில் சேர்த்த சொத்து அது. "அதைத் தொட்டா கையை முறிச்சிருவேன்னேன் தம்பி" என்றார் அம்மா, காப்பியை வைத்துக்கொண்டே. அந்த நிறுவனமே 2024 செப்டம்பரில் திவால் மனு கொடுத்த பிறகு டப்பர்வேரின் மதிப்பு அவர் அலமாரியில் இன்னும் ஏறியிருக்கிறது.

ஆகவே பெரியவருக்கு வாய்த்தது சிவப்பு மூடி டப்பா. நோன்புப் பெருநாள் பிஸ்கட்டோ சீனப் புத்தாண்டுப் பலகாரமோ தீபாவளி முறுக்கோ, எது வந்தாலும் இந்த நாட்டில் அதில்தான் வரும். உள்ளே இருப்பது தீர்ந்தாலும் டப்பாவை எறிய யாருக்கும் மனம் வராது. அதில் சுருட்டை அடுக்கி, புத்தகத்தில் சொன்னபடி துளை போட்ட சோப்பு டப்பாவுக்குள் ஈரப் பஞ்சு ஒன்றை வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டார். காற்றில் ஈரம் 65-இலிருந்து 70 விழுக்காடு இருந்தால்தான் சுருட்டு பதமாக இருக்கும் என்பது கணக்கு. மூன்று வாரம் கழித்துத் திறந்தால், சாம்பலும் பச்சையுமாகப் பூசணம்.

எனக்கு இதில்தான் சுவாரசியம். புத்தகம் பொய் சொல்லவில்லை. அது எழுதப்பட்ட ஊரில் குளிர்காலத்துக்குச் சூடேற்றிய வீட்டுக்குள் உதடு வெடிக்கும். அங்கே டப்பா என்பது ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும் பாத்திரம். நம் ஜொகூரில் இரவெல்லாம் காற்றில் ஈரம் 90-ஐத் தொட்டு நிற்கும். இங்கே அதே டப்பா ஈரத்தை வெளியே நிறுத்தும் கதவு. பஞ்சை நனைத்து உள்ளே வைப்பது, வெள்ளம் வந்த வீட்டில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி.

பஞ்சை எடுத்தார். ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வைத்தார். அது 68 என்று காட்டியது, நிம்மதியாக இருந்தார். மறுபடியும் ஒரு சுருட்டில் வெள்ளைப் படலம். ஈரமானியையே சோதிக்க ஒரு வழி உண்டு, யார் வீட்டிலும் செய்யலாம். சோடா பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல் பதத்துக்கு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் ஒரு நாள் முழுக்க மூடி வைக்க வேண்டும். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 விழுக்காட்டிலேயே நிறுத்தும். வெயில் மழை எதற்கும் அது அசைவதில்லை. இவருடைய ஈரமானி அதில் 69 காட்டியதாம். ஆறு குறைவு. அதாவது 68 என்று நம்பிய நாளெல்லாம் உள்ளே 74. கணக்குப் பிள்ளையாக இருந்தவருக்கு இது தாங்கவில்லை. "வாழ்நாள் முழுக்க அடுத்தவன் தராசைச் சோதிச்சவன் சார் நான்" என்றார்.

அடுத்து வந்தது ஓட்டை. ஊசியால் குத்தியதுபோல் சுருட்டில் வட்ட வட்டமாகத் துளை, டப்பாவின் அடியில் தூள். பெரியவர் பூதக்கண்ணாடியும் புத்தகமுமாக உட்கார்ந்திருக்க, அம்மா வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். "இது நம்ம மல்லித் தூள் வண்டுல்ல!"

அதேதான். செங்கபில நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், தலையைத் தொங்கப்போட்ட பிள்ளை மாதிரி இருக்கும். விஞ்ஞானிகள் அதைப் புகையிலை வண்டு என்று எழுதினாலும், மல்லி, மஞ்சள், மிளகாய், சுக்கு எல்லாமே அதற்கு விருந்துதான். முட்டை இலையோடு இலையாகவே வரும். குளிர்ந்த நாட்டில் தூங்கும், நம் வீட்டு முப்பது டிகிரியில் விழிக்கும். சுருட்டுக்காரர்கள் தங்கள் பரம எதிரி என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கும் பூச்சியை அம்மா நாற்பது வருடமாக அஞ்சறைப் பெட்டியிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறார்.

அதன்பின் நிர்வாகம் கைமாறியது. புதுக் கட்டு வந்ததும் இரட்டைப் பையில் சுற்றி, மீனுக்குப் பக்கத்தில் மூன்று நாள் உறைபெட்டியில். பிறகு ஒரு நாள் கீழ்த்தட்டில். எடுத்த எடுப்பில் வெளியே வைத்தால் வியர்த்துவிடும், மேல் இலை வெடித்துவிடும். இரட்டைப் பை ஏன் என்று கேட்டேன். "ஒத்தைப் பையில வச்சு ஒரு தடவை கெம்போங் மீன் நாத்தம் அடிச்சுச்சு" என்றார் பெரியவர். அந்த ஞாயிறும் அவர் விடவில்லையாம்.

டப்பாவை எப்போது திறப்பது என்பதும் அம்மாவின் சட்டம்தான். மழை பெய்யும்போது முறுக்கு டப்பாவைத் திறந்தால் அடி விழும் என்பது நம் வீடுகளில் எல்லாம் உள்ள விதி. அதையே சுருட்டுக்கும் போட்டுவிட்டார். மழை இல்லாத நாள், மதியம் இரண்டு மணி. அந்த நேரத்தில்தான் நம் ஊர்க் காற்று ஓரளவு உலர்ந்து 60 பக்கம் இறங்கும். இரண்டு நிமிடம் காற்றாட வைத்து மூடினால், மூடுகிற காற்றும் பதமான காற்று. உள்ளே 65 என்று அச்சிட்ட உப்புக் கரைசல் பொட்டலம் ஒன்று கிடக்கிறது. மிஞ்சிய ஈரத்தைக் குடிப்பதும் குறைந்தால் விடுவதும் அதன் வேலை. குடித்துக் குடித்து உப்பினால் மாற்ற வேண்டும். சிவப்பு மூடி முழுதாக இறுகுவதில்லை என்பதால், இப்போது நாலு பக்கமும் கிளிப் வைத்து, மூடியில் ரப்பர் வளையம் உள்ள டப்பாவுக்குச் சுருட்டுகள் குடிபெயர்ந்துவிட்டன. புது டப்பாவின் பிளாஸ்டிக் வாடை போக, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, ஒரு வாரம் வாய் திறந்து கிடந்ததாம்.

உள்ளே அடியில் மெல்லிய பலகை ஒன்று பார்த்தேன். 'ஸ்பானிய சீடர்' என்று பேர். மகனிடம் சொல்லி வரவழைத்தது. பேர்தான் சீடர், தேவதாருவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது வேப்பமரக் குடும்பம், நம் சந்தன வேம்புக்கு நெருங்கிய சொந்தம். நல்ல ஹியூமிடோர்களுக்கு உள்ளே பதிப்பது இந்தப் பலகையைத்தான். ஈரத்தை வாங்கிப் பிடிக்கும், அதன் வாசனை பூச்சிக்கு ஆகாது என்பார்கள். இதை நான் சொன்னதும் அம்மா எழுந்துபோய் அரிசி டப்பாவைத் திறந்து காட்டினார். மேலே காய்ந்த வேப்பிலை. ஒன்றும் பேசவில்லை. மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

2023 மார்ச் வெள்ளத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. யோங் பெங்கைச் சுற்றி அந்த மாதம் தண்ணீர் வடியாமல் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நிவாரண மையத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரம், நிலப் பட்டா எல்லாம் வைத்திருந்த டப்பா என்று பெரியவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். மையத்தில் திறந்தால் பதினோரு சுருட்டு. பட்டா அலமாரி உச்சியில் பத்திரமாக இருந்தது, அது வேறு விஷயம். ஆனால் அம்மா இதைச் சொல்லும்போது அவர் ரம்புத்தான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அம்மா ஒரு சிவப்பு மூடி டப்பா நிறைய முறுக்கு கொடுத்தார். மூடியைச் சுற்றி டேப். பேருந்தில் திறக்கக் கூடாது, அன்று மழை. மறுநாள் அலுவலகத்தில் மதியம் இரண்டு மணிக்குச் சட்டப்படி திறந்தோம். கடித்தால் நொறுங்குகிறது, ஒரு பொட்டு நமுப்பு இல்லை. ஆனால் வாயில் வைத்ததும் எள், ஓமம் எல்லாவற்றுக்கும் பின்னால் மெல்லிசாக வேறொரு வாசனை. துணையாசிரியர்தான் கண்டுபிடித்தார், முகத்தைச் சுளிக்காமலே சொன்னார். பிளாஸ்டிக் எதையும் எளிதில் மறப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் முறுக்கு தீர்ந்தது.

டப்பாவைக் கட்டாயம் திருப்பித் தரும்படி உத்தரவு. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லையே. அடுத்த வாரம் ஜொகூர் பாருவுக்குப் போகிறேன், யோங் பெங்கில் பேருந்து நிற்கும். இந்த இதழ் அச்சாகி வந்ததும் இரண்டு பிரதியைச் சுருட்டி உள்ளே வைத்து, டேப் ஒட்டி எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்